கலவரம் என்ற சொல்லின் முதலெழுத்து

போன மாதம் ஒரு காலை, பக்கத்து வீட்டுச் செல்வி செல்போனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி என் அடுக்களைக்குள் வந்து நின்றாள். அவள் புருஷன் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கிறான். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் மட்டும் இப்படிக் கப்பலில் இருப்பவர்கள் நாலைந்து பேர் உண்டு. அவன் அனுப்பிய குரல் செய்தியை அவள் எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"இங்கன சின்னப் பிரச்சனைதான். நீ ஒண்ணும் பயப்படாத. பிள்ளைக்கு இருமல் எப்படி இருக்கு?"

அவ்வளவுதான். ஆனால் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த டீவியில் அவன் இருக்கும் கடலைத்தான் காட்டினார்கள். ஒரு கப்பலின் பின்பக்கம் எரிந்துகொண்டிருந்தது.

"பெரியம்மா, சின்னப் பிரச்சனைன்னா எம்புட்டுச் சின்னது?" என்று கேட்டாள் செல்வி.

கல்லில் தோசை கருகியது. மூன்றாம் நாள் அவன் ஏதோ ஒரு துறைமுகத்தில் பத்திரமாக இறங்கி, வீடியோவில் வந்து பல் தெரியச் சிரித்தான். செல்வி தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு சிலருக்குக் கோயில், சிலருக்கு சீரியல். எனக்கு அகராதி. அதிலும் சண்டை சச்சரவுச் சொற்கள் என்றால் ஒரு பைத்தியம். வீட்டில் சண்டை போட ஆள் இல்லாததால் வந்த வினை என்று என் தங்கை சொல்லுவாள். போகட்டும். சொந்த ஊர் எனக்குத் தாமிரபரணிக் கரையில் ஒரு வயல்காட்டு ஊர். பள்ளியில் வாத்தியார் பாஞ்சாலங்குறிச்சிப் போரைப் பற்றிச் சொன்னபோது, நான் வெகுநாள் அதை வைக்கோல் போர் என்றே நினைத்திருந்தேன். இத்தனை பேர் இதற்காகவா செத்தார்கள், எங்கள் களத்தில் மூன்று போர் இருக்கிறதே, கேட்டால் அப்பா ஒன்றைக் கொடுத்திருப்பாரே என்று வருத்தப்பட்டவள் நான். இரண்டு போரும் ஒரே வேரா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. 'லடாய்' என்று நாம் குழாயடிச் சண்டைக்குச் சொல்லுகிறோம்; அது வந்த வடக்கே அதற்கு யுத்தம் என்றும் பொருள்.

எங்கள் கரைக்கு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வந்த போர்த்துக்கீசியர் மேசையையும் சாவியையும் அலமாரியையும் இங்கே விட்டுப்போனார்கள். போருக்கு அவர்கள் சொல்லும் சொல் 'கெர்ரா'. போரைக் கொண்டுவந்தவர்கள் அந்தச் சொல்லை மட்டும் ஏனோ விட்டுப்போகவில்லை. அந்தச் சொல்லின் வேரைத் தேடிக்கொண்டு போனால், ஐரோப்பாவின் வடக்கே பழைய மக்கள் பேசிய ஒரு சொல்லில் போய் நிற்கிறது. அங்கே அதற்குப் போர் என்று பொருளே இல்லை. குழப்பம், சிக்கல், கலைந்து கிடப்பது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் போரைக் குறிக்கும் 'வார்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததாம். நம் 'கலவரம்' என்ற சொல்லும் அப்படித்தான். பழைய பொருள் மனக்கலக்கம். ஒருத்தர் நெஞ்சுக்குள் நடக்கிற காரியம். அதுதான் பிற்பாடு தெருவுக்கு இறங்கி வந்து கடைகளைக் கொளுத்துகிறது.

இதைப் படித்த அன்று அகராதியை மூடி வைத்துவிட்டேன். ஒரு சின்னக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்கு அகராதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இருபத்திரண்டு வயதில் தந்திக் குமாஸ்தாவாக எனக்கு வேலை கிடைத்தது. தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வரும் ஒரு கடற்கரை ஊர். பெயரைச் சொல்லவில்லை, அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். தபாலும் தந்தியும் ஒரே கட்டடம். போஸ்ட்மாஸ்டர் ஒருவர், நான், தபால்காரர், ஆக மூன்று பேர். தூத்துக்குடியிலிருந்து கம்பி வழியாகச் செய்தி மோர்ஸ் ஒலியாக வரும். நீளமாக வந்தால் கோடு, குட்டையாக வந்தால் புள்ளி. காதால் கேட்டு, கையால் ஆங்கில எழுத்தாக எழுத வேண்டும். கருவியின் சத்தம் மெலிசாக இருந்ததால் போஸ்ட்மாஸ்டர் அதன் பின்னால் ஒரு பழைய புகையிலை டப்பாவைச் செருகி வைத்திருந்தார். டப்பா எதிரொலிக்கும். வெயில் ஏறினால் அந்த அறை முழுக்கப் புகையிலை வாசனையும் துருவேறிய இரும்பு வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் பெட்டிக்கடையில் யாராவது புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்தால் என் வலது கை தானாகப் பென்சிலைத் தேடும்.

சரியாகக் கேட்கவில்லை என்றால், மறுமுனையில் இருப்பவரைத் திரும்ப அனுப்பச் சொல்லலாம். அதற்கு ஒரு குறிப்பே உண்டு. நான் அதை அடிப்பதே இல்லை. "ஒரு தடவ கேட்டாப் போதும் இவளுக்கு, பாம்புக் காது" என்று போஸ்ட்மாஸ்டர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். எனக்கு அது பெரிய பட்டமாக இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று என் காதை நானே பார்த்துக்கொண்ட நாட்கள் உண்டு.

ரெஜினாக்கா வீட்டின் பக்கவாட்டு அறையில்தான் குடியிருந்தேன். அவர்கள் கிறிஸ்தவர்கள். சமையலறையைக் 'குசினி' என்பார்கள். எனக்குக் கவுச்சி ஆகாது என்பதால், மீன் பொரிக்கிற நாளில் அக்கா முன்கூட்டியே வந்து, "ஏளா, சன்னல அடைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் புருஷன் மிக்கேல், தோணித் தண்டல். பாய் விரித்து ஓடும் பெரிய மரத்தோணிகள் அப்போது தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வெங்காயமும் வத்தலும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு தோணியை நடத்திப் போகிறவருக்குத் தண்டல் என்று பெயர். மிக்கேல் வாலிபத்தில் சங்கு குளித்தவர். ஒரே ஒரு வருஷம் முத்துக்குளிப்பிலும் இறங்கியிருக்கிறார். அடியில் போனால் காது அடைத்துக்கொள்ளும் என்பதால் அவருக்கு ஒரு பக்கம் சரியாகக் கேட்காது. "ஒனக்கு ரெண்டு காதும் வேல செய்யுது, எனக்கு ஒண்ணுதான். நீதான் பெரிய ஆளு" என்று என்னைக் கேலி செய்வார். உடம்பில் எப்போதும் தோணிக்குப் பூசுகிற சுறா எண்ணெய் வாசனை.

அந்த வாரம் வீட்டில் ஒரே பரபரப்பு. அவர்களுடைய மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூக்கிரீடம், ஊர்ச் சாப்பாடு. தோணி அதற்கு அடுத்த வாரம்தான் புறப்படுவதாக இருந்தது. மிக்கேல் ஊரிலேயே இருந்து மகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு.

புதன்கிழமை முற்பகல், கொழும்பிலிருந்து ஒரு தந்தி வந்தது. தோணியின் முதலாளி சூசை அண்ணாச்சிக்கு. அனுப்பியவர் அவருடைய மச்சினன் இன்னாசி. கொழும்பில் கடை வைத்து, வருகிற சரக்கை இறக்கி விற்பவர். கொழும்பிலிருந்து மதராஸ், மதராஸிலிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து என் புகையிலை டப்பா. ஆங்கில எழுத்தில் தமிழ் வாசகம். அந்தக் காலத்தில் முக்கால்வாசித் தந்தி அப்படித்தான் வரும். நான் எழுதியது இது:

"நாலாவாரம் அனுப்ப வேண்டாம். இன்னாசி."

மூன்றே சொல், ஒரு பெயர். அர்த்தம் புரிந்தது. வர இருந்தது மாதத்தின் நாலாவது வாரம். அந்த வாரம் தோணியை அனுப்ப வேண்டாம் என்கிறார். சுங்கத்தில் ஏதாவது தாமதமாக இருக்கும், அல்லது சரக்கு வைக்கக் கிட்டங்கியில் இடம் இருக்காது. முதல் எழுத்து முடிந்ததும் கம்பியில் கரகரவென்று ஓர் இரைச்சல் வந்தது. கண்ணிமைக்கும் நேரம். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் திரும்பக் கேட்கவில்லை.

சூசை அண்ணாச்சி நேரில் வந்து தந்தியை வாங்கிக்கொண்டார். தூக்கிப் பிடித்து, உதட்டை அசைத்து வாசித்தார்.

"நாலா வாரம்னா அடுத்த வாரந்தான?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்போ இந்த வாரமே விட்டுற வேண்டியதுதான். வெங்காயம் ஏத்தியாச்சு. ரெண்டு வாரம் கெடந்தா முளச்சுப் போவும்."

அன்று மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது ரெஜினாக்கா குசினியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். மிக்கேல் ஒரு துணிப்பையில் கைலியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே மக. ஒரே நாளு. அதுக்கும் நீரு இருக்க மாட்டீரு" என்றாள் அக்கா, அவரைப் பார்க்காமல்.

"மொதலாளி சொல்லுதாரு, நான் என்ன செய்ய? போட்டோ புடிச்சு வையி. வந்து பாக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வாங்குன தந்திதானாம்லா? நல்ல தந்தி வாங்குன போ" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். இதை எழுதும்போது அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை.

வியாழன் பிற்பகல் தோணி தூத்துக்குடியிலிருந்து பாய் விரித்தது. மிக்கேலோடு சேர்த்து ஏழு பேர்.

வெள்ளிக்கிழமை காலை, அக்கா வீட்டு ரேடியோவில் செய்தி ஓடியது. நான் முற்றத்தில் தலை வாரிக்கொண்டிருந்தேன். செய்தி வாசிப்பவர் நிதானமாக, அழுத்தம் திருத்தமாகச் சொன்னார்: கொழும்பில் கலவரம். கடைகள் எரிப்பு. ஊரடங்கு.

சீப்பு தலையிலேயே நின்றது. கலவரம். என் இடது கை, என்னைக் கேட்காமல், தொடையில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தது. ஆங்கிலத்தில் 'கே' என்ற எழுத்துக்கு மோர்ஸில் கோடு, புள்ளி, கோடு. 'என்' என்ற எழுத்துக்குக் கோடு, புள்ளி. கடைசிக் கோடு ஒன்று இரைச்சலில் விழுந்துவிட்டால் 'கே' என்பது 'என்' ஆகிவிடும். ஆங்கில எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசம் கிடையாது. கலவரம் என்பதன் முதலெழுத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலாவாரம்.

பாதிப் பின்னலோடு ஆபீசுக்கு ஓடினேன். தூத்துக்குடியைக் கூப்பிட்டு, புதன்கிழமைத் தந்தியைத் திரும்ப அனுப்பச் சொன்னேன். அந்த ஊருக்குப் போனதிலிருந்து நான் முதன்முதலாகத் திரும்பக் கேட்டது அன்றுதான். வந்தது. கோடு, புள்ளி, கோடு.

கலவரம் அனுப்ப வேண்டாம்.

போஸ்ட்மாஸ்டர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருக்கும் மோர்ஸ் தெரியும். கதவைச் சாத்திவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கம்பியில கோளாறுன்னு எழுதிக்கிடலாம். நீ வாயத் தொறக்காத. வேல போயிரும்ளா."

அவர் கெட்டவர் இல்லை. மகள் மாதிரி நினைத்துத்தான் சொன்னார். ஆனாலும் நான் சூசை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். அவர் சாப்பாட்டில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். திட்டுவார், அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நானும்லா வாசிச்சேன். எம் மச்சினன் ஒரு நாளும் வாரக் கணக்குச் சொன்னவன் இல்லியே. தேதிதான போடுவான். அது எனக்குத் தோணல பாரு" என்றார்.

தோணியில் ஒயர்லெஸ் கிடையாது. கடலில் போய்க்கொண்டிருக்கும் பாய்மரத்துக்கு யார் சொல்லி அனுப்புவது? தோணி வருகிறது, தடுத்து நிறுத்து என்று இன்னாசிக்குத் தந்தி கொடுக்கப் பார்த்தோம். கொழும்புக்கு லைன் இல்லை என்றார்கள். சாயங்காலம் கேட்டேன், மறுநாள் கேட்டேன். லைன் இல்லை.

நான் செய்த பெரிய தப்பு இதற்குப் பிறகுதான். அந்தக் கோடு விட்டுப்போனதை யாராவது மன்னிக்கலாம். இதை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை. ரெஜினாக்காவிடம் நான் சொல்லவில்லை. ஒரே கூரை. ஒரே கிணறு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை வெள்ளைக் கவுனில் வந்து என் முன்னால் சுற்றிக் காட்டியது. "எங்க அப்பா வந்து பாக்கும்" என்றது. அக்கா எனக்கென்று தனியாகச் செய்த கத்தரிக்காய்ப் பச்சடியை இலையில் வைத்தாள். ரேடியோவைக் கேட்டு அவளுக்கும் பயம்தான். "தொறமொகத்துக்குள்ள ஒண்ணும் இருக்காதுல்லா?" என்று என்னைக் கேட்டாள். இருக்காது அக்கா என்றேன். சாப்பிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, தோணி தூத்துக்குடிக்கு வந்துவிட்டதாகப் போன் வந்தது. அண்ணாச்சி முன்னாலேயே போய்விட்டார். அக்காவோடு நான் பஸ்ஸில் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் உப்பளம். வெயிலில் பளீரென்று அடித்தது. "வந்துட்டாருல்லா, பொறவு என்ன" என்று தனக்குத்தானே நாலைந்து தடவை சொல்லிக்கொண்டாள்.

பழைய துறைமுகத்தில் தோணி கட்டியிருந்தது. தூரத்திலிருந்தே கணக்கு இடித்தது. போனது ஏழு பேர். மேல்தட்டில் இருபது தலையாவது தெரிந்தது. சேலை தெரிந்தது. குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. போலீஸ்காரர்களும் சுங்கக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏற்றிய வெங்காயம் அப்படியே இருந்தது. அந்த மூட்டைகளின் மேல்தான் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அழுகத் தொடங்கிய வெங்காயத்தின் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது.

முதலில் இறங்கியவர் இன்னாசி. சட்டையில் ஒரு கை இல்லை. புருவம் கருகியிருந்தது. சூசை அண்ணாச்சியைப் பார்த்ததும் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தந்தி அடிச்சேனே அத்தான்! கலவரம், அனுப்ப வேண்டாம்னு அடிச்சேனே! பொறவு எதுக்கு அனுப்புனிய? அனுப்புனதுனால நாங்க பதினாலு உசுரு தப்பிச்சோம். ஆனா தண்டல் போயிட்டாரே அத்தான்!"

அண்ணாச்சியின் கண் என் பக்கம் ஒரு தடவை வந்து போய்விட்டது. ரெஜினாக்கா அந்தக் கண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். அவள் அலறவில்லை, மயங்கி விழவில்லை. கையை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நடந்ததை இன்னாசியும் தோணிக்காரர்களும் சொல்லச் சொல்லக் கேட்டோம். துறைமுகத்தில் சரக்கு இறக்க ஆள் இல்லை. கரையில் புகை. இன்னாசியைக் காணவில்லை என்று மிக்கேல் சின்னப் படகில் கரைக்குப் போயிருக்கிறார். இன்னாசியையும் தெருவில் இருந்த மற்றக் குடும்பங்களையும் பக்கத்துக் கடைச் சிங்களவர், ரொட்டி சுடுகிறவர், தன் அடுப்பறையில் ஒளித்து வைத்திருந்தார். அவர்தான் வழி காட்டிக் கரைக்குக் கூட்டி வந்தார். மிக்கேல் முதல் நடையில் எட்டுப் பேரைக் கொண்டுவந்து தோணியில் ஏற்றினார். இரண்டாவது நடையில் ஆறு பேர். அடுப்பறையில் இன்னும் ஒரு தாயும் பிள்ளையும் இருப்பதாகக் கேள்விப்பட்டு மூன்றாவது தடவை போனார். போனவர் வரவில்லை. மறுநாள் மத்தியானம் வரை பார்த்திருந்தார்கள். பிறகு துறைமுகக் காவல் படகு வந்து விரட்டியது.

இன்னாசியின் மனைவி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, கேட்கிறவர்களிடம் எல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். கொழும்புக்குப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்ததாம். ரொட்டிக்காரர் வாசலில் வந்து நின்று 'கோலாஹலயக், கோலாஹலயக்' என்று கத்தியிருக்கிறார். "கோலாகலம்னதும் நான் கோயில் தேருதான் வருதுன்னு நெனச்சேன். பிள்ளையத் தூக்கிக்கிட்டுச் சன்னல்ல போயி நின்னேன். சிரிச்சுக்கிட்டு நின்னேன்." அதே சொல்தான். நாம் திருவிழாவுக்குச் சொல்லுவது. அங்கே அதற்குக் கலகம் என்று பொருள். யாரோ அவளைப் பின்னாலிருந்து இழுத்த பிறகுதான் சன்னல் கண்ணாடி உடைந்ததாம். அவள் அதைச் சொன்னபோது, இப்படித் தப்பாகக் கேட்டது நான் மட்டும் இல்லை என்று ஒரு கணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அடுத்த கணமே என்னை நானே வெறுத்தேன்.

மிக்கேலைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சேதியும் வரவில்லை. உடலும் இல்லை. ரொட்டிக்காரர் ஒரு மாதம் கழித்து இன்னாசிக்கு எழுதிய கடிதத்தில், அந்தத் தாயையும் பிள்ளையையும் மிக்கேல் கண்டுபிடித்தார், மூன்று பேரும் தெருமுனை வரை சேர்ந்து போனதைப் பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை என்று இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் ரெஜினாக்கா வந்தாள். கறுப்புச் சேலை. போஸ்ட்மாஸ்டர் அவளைப் பார்த்ததும் வெளியே எழுந்து போய்விட்டார். நான் எழுந்து நின்றேன்.

"எல்லாம் கேள்விப்பட்டேன். ஒரு எழுத்துதானாம்லா" என்றாள். "அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? எனக்கு அடிச்சுக் காட்டு."

"வேண்டாங்க்கா."

"அடி."

கம்பி இணைப்பைக் கழற்றிவிட்டு, முதலில் நான் கேட்டதை அடித்தேன். கோடு, புள்ளி. பிறகு வந்திருக்க வேண்டியதை அடித்தேன். கோடு, புள்ளி, கோடு. டப்பா இரண்டு தடவையும் கணீரென்று சொன்னது.

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இன்னொரு தடவ." அடித்தேன். "இன்னொரு தடவ." எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியாது. கடைசியில் அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

"இம்புட்டுதானா?" என்றாள்.



வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள். "நீ கெட்டவ இல்ல. பதினாலு பேரு வந்து எறங்குனதையும் பாத்தேன். ஆனா எட்டு நாளு எங்கிட்ட சொல்லாம எங்கூட இருந்தியே, அத நெனச்சாத்தான்..." முடிக்கவில்லை. "வேற வீடு பாத்துக்கோ. ஒன் செருப்புச் சத்தம் கேட்டாக்கூட எனக்கு இனி இதுதான் கேக்கும்."

அந்த வாரமே வேறு வீடு பார்த்தேன். நடந்ததை மேலிடத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன். தண்டனை என்று ஒன்று கொடுத்தார்கள், சிறியது. அவ்வளவு சிறிய தண்டனை கிடைத்ததில் எனக்கு அதிர்ச்சி. என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. அப்புறம் வேலையில் இருந்த காலமெல்லாம், ஒவ்வொரு சொல்லையும் திரும்பக் கேட்டேன். மாற்றலாகி வந்த தூத்துக்குடியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எனக்குச் 'செவிட்டு மகாராணி' என்று பெயர் வைத்தார்கள். பிறப்பைத் திரும்பக் கேட்டேன், இறப்பைத் திரும்பக் கேட்டேன், 'வாழ்த்துகள்' என்பதைக்கூடத் திரும்பக் கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ரெஜினாக்காவை அதற்குப் பிறகு மூன்று தடவைதான் பார்த்தேன். இரண்டு தடவை அவள் பேசவில்லை. மூன்றாவது தடவை பஸ் நிலையத்தில், "மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டு" என்று மட்டும் சொன்னாள். போட்டோ காட்டுவாளோ என்று நின்றேன். பஸ் வந்துவிட்டது.

போன வருஷம் அவள் இறந்தது, பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அந்த ஊருக்குப் போனேன். தந்திக் கம்பம் ஒன்றுகூட இல்லை. ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. கொழும்புக்குப் பாய்மரம் போன காலத்தைச் சொன்னால், கடைப்பையன்கள் கதை கேட்கிற முகத்தோடு பார்க்கிறார்கள். சூசை அண்ணாச்சி வீடு பூட்டிக் கிடக்கிறது. மிக்கேலின் மகள் எந்த நாட்டிலோ இருக்கிறாளாம். விலாசம் யாருக்கும் தெரியவில்லை.

வருஷாவருஷம் கல்லறைத் திருநாள் அன்றைக்குக் கோயிலில் இறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். மிக்கேல் பெயரைக் கொடுத்துவந்தவள் ரெஜினாக்கா. இந்தத் தடவை கொடுக்க ஆளில்லை. நான் வேற்று மதத்துக்காரி, கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கோயில் உபதேசியாரிடம் போனேன். இளவயதுக்காரர், மரியாதையானவர். நாற்காலி போட்டார். பெயரை எழுதிக்கொண்டார்.

"கடல்ல போனவங்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கு. மத்தவங்களுக்கு வேற பட்டியல். இவுகள எதுல போட?"

"கடல்ல இல்ல தம்பி. அக்கரையில, கரையில வச்சுதான். கலவரத்துல."

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"எந்தக் கலவரம்மா?"

வருஷத்தைச் சொன்னேன். அவருக்கு அதற்குப் பின்னால் வந்த பெரிய கலவரம் தெரிந்திருந்தது, அதற்குப் பின்னால் வந்த போர் தெரிந்திருந்தது. இது தெரியவில்லை. உள்ளே இருந்த வயதான ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணு நடந்த மாதிரி ஞாபகம் இல்லியே" என்றார்.

"தோணிக்காரருதான? கடல்லன்னே போட்டுருதேன்மா" என்றார் உபதேசியார். நான் மறுத்துச் சொல்வதற்குள் எழுதி முடித்திருந்தார்.

திருநாள் அன்று கல்லறைத் தோட்டத்தின் சுவரோரம் நின்று கேட்டேன். ஒலிபெருக்கியில் பட்டியல் நீளமாகப் போனது. மிக்கேல் என்ற பெயர் நாலு தடவை வந்தது. அவற்றில் எது அவர் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கடலில் சாகவில்லை என்பது அந்த ஊரில் இப்போது வேறு யாருக்கும் தெரியாது.